நடு சிலிண்டர்

வண்டி நின்றபோது பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் வருகிற சாலையில், பெரும்பாக்கம் தாண்டியதும், அதுவரை ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கிவிட்டது. 'டக்' என்று ஒரு சின்ன ஓசை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு டயர் உருளும் சத்தமும், பின்னால் மீன் வைத்த அலுமினிய அன்னக்கூடைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தமும் மட்டும் கேட்டன. இருந்த வேகத்திலேயே வண்டியை இடதுபக்கம் ஒதுக்கி நிறுத்தினேன்.

"இன்னா தம்பி, வண்டி தூங்கிடுச்சா, நீ தூங்கிட்டியா?" என்று பக்கத்து சீட்டில் இருந்த அக்கா கேட்டார்.

"அவரு முழிச்சிகினு இருந்தாலும் தூங்கினாலும் ஒண்ணுதாங்க்கா. ரெண்டுலயும் பேச மாட்டாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பழைய வேன்தான் எங்கள் பிழைப்பு. விடிந்ததும் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு குப்பத்துக்குப் போவேன். படகு கரைக்கு வந்து மீன் ஏலம் முடிந்ததும், தெருவில் மீன் விற்கிற நான்கு பெண்களை அவர்களுடைய கூடைகளோடு ஏற்றிக்கொண்டு, மேடவாக்கம், கோவிலம்பாக்கம், சிட்லபாக்கம் என்று ஒவ்வொருவராக இறக்கிவிடுவேன். கடைசியாகத் தாம்பரத்தில் இறங்குபவர் இந்த அக்கா. அவர்தான் அவர்களுக்கெல்லாம் மூத்தவர். அவர் எங்கே உட்காரச் சொல்கிறாரோ அங்கேதான் மற்றவர்கள் உட்காருவார்கள். அவரை இறக்கிய பிறகு, அதே வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போவேன்.

மீன் வண்டியில் பிள்ளைகளை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு அம்மா என்னிடம் நேரிலேயே சொன்னார், பிள்ளையின் சீருடை நாறுகிறது என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் எப்படியோ அந்தப் பேச்சு வண்டியில் வந்துவிட்டது. அக்கா உடனே ஒரு முடிவு எடுத்தார். அன்று முதல் அவர் இறங்கும் இடத்தில், தன் கூடையைத் தலையில் ஏற்றுவதற்கு முன்னால், வண்டியின் தரையைக் கழுவிவிட்டுத்தான் போவார். மீன் மேல் தெளிக்க அவர்கள் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவருவார்கள். அதில் மிச்சமிருப்பதைத் தரை விரிப்பு முழுக்க ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளுவார்.

"பைப்பு தண்ணி ஊத்தினா கவிச்சி இன்னும் ஒட்டிக்கும். கடலுது கடல் தண்ணிக்குத்தான் போவும். எங்க கைய மோந்து பாரு, நாறுதா?" என்பார்.

அது உண்மையாகவும் இருந்தது. நாற்றம் போயிற்று. அந்த அம்மாவும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எனக்காக ஒருவர் தினமும் குனிந்து தரை தேய்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை, நன்றி சொல்லவும் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

பெரும்பாக்கத்தில் நின்ற வண்டிக்குத் திரும்புகிறேன். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் சுற்றியது. ஆனால் வழக்கமாக எஞ்சினைத் தூக்கிச் சுற்றுகிற பாரமே அதில் இல்லை. காலி மிக்ஸி ஓடுவது போல விர்ரென்று ஓடியது. இன்னொரு முறை திருப்பினேன். அதே விர். பொழிச்சலூரில் இருக்கும் என் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். என்னைவிட வயதில் சின்னவர், நிறையப் பேசுபவர். அவர் பேசினால் நான் பேச வேண்டியதில்லை என்பதாலேயே இத்தனை தூரம் அவரிடம் போவேன்.

"செல்ஃப் போட்டா எப்படிண்ணா சுத்துது?"

"லேசா சுத்துது. வேகமா."

"இன்னொரு தடவை போடாதீங்க. சாவிய எடுத்து பாக்கெட்ல வைங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னு யாராச்சும் நல்லவங்க வருவாங்க. வேண்டாம்னு சொல்லிடுங்க. சொல்லுவீங்களா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குள் அக்கா சாலையில் இறங்கி, காலியாக வந்த ஒரு லோடு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தியிருந்தார். ஓட்டுநர் கலகலப்பான ஆள். "ஏறுங்க, ஏறுங்க. வெயில் வந்தா மீனு கூடையிலயே கொழம்பாயிடும்" என்று சொல்லி, அவரே கூடைகளைத் தூக்கி வைத்தார். போகும்போது அக்கா என் பக்கம் திரும்பி, "சரி பண்ணிகினு போன் பண்ணு தம்பி. நாளைக்கு ஒரு நாளு இந்த ஆளுகூட போய்க்கிறோம்" என்றார்.

*

எஞ்சினுக்குள் மேலே வால்வுகள் இருக்கின்றன, கீழே பிஸ்டன்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து போகின்றன, ஆனால் வேறு வேறு நேரத்தில். வால்வு இறங்கியிருக்கும்போது பிஸ்டன் ஏறி வரக்கூடாது. அந்த நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்வது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அதைத்தான் டைமிங் பெல்ட் என்கிறார்கள். பெல்ட் போய்விட்டால் வால்வு இறங்கிய இடத்திலேயே நின்றுவிடும், பிஸ்டன் போய் அதன்மேல் இடிக்கும். இதை எனக்கு மெக்கானிக்தான் இரண்டு கைகளையும் வைத்துக் காட்டினார். ஒரு கை உள்ளங்கை, ஒரு கை முட்டி.

பொழிச்சலூரில் அவருடைய ஷெட், விமானம் இறங்குகிற வழியில் இருக்கிறது. தலைக்கு மேலே விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து எல்லோரும் தொடர்வார்கள். கயிறு கட்டி இழுத்து வந்த என் வேனை உள்ளே தள்ளியதும், அவர் முன் சீட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். என் வேனில் எஞ்சின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கும். சீட்டையும் அதற்குக் கீழே இருக்கும் தகட்டு மூடியையும் எடுத்தால்தான் கண்ணில் படும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, என்னை எட்டிப் பார்க்கச் சொன்னார். "நான் கீழ ஸ்பானர் போட்டு சுத்துறேன். மேல ஏதாச்சும் அசையுதா பாருங்க."

பார்த்தேன். எண்ணெய் பூசின இரும்பு டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது. அசையவில்லை.

"அசையல."

"நல்லா பாருங்க."

"அசையல தம்பி."

அவர் டைமிங் கவரைக் கழற்றினார். பிளாஸ்டிக் கவர். விலக்கியதுமே கறுப்புத் தூள் கொட்டியது, பெல்ட்டின் பற்கள். பெல்ட் அறுபடவில்லை, வளையமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் பற்கள் எல்லாம் சீவப்பட்டு, வெறும் நாடாவாகிவிட்டிருந்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சின்ன உருளையை அவர் விரலால் தள்ளிப் பார்த்தார். சுற்றவில்லை. உள்ளே பேரிங் துரு பிடித்து இறுகிப்போயிருந்தது. சில நாட்களாக வண்டியில் சில்வண்டு மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது இதிலிருந்துதான். "உன் வண்டி கொலுசு போட்டுகினு கீது தம்பி, கல்யாண வயசு வந்துடுச்சா?" என்று அக்கா கேட்டதும் அந்தச் சத்தத்தைத்தான்.

மெக்கானிக் கவரின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையாக, சுண்ணாம்பு அப்பினது போலப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"என்னண்ணா இது, உப்பு? வண்டிய கடல்லயா ஓட்டுனீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் சிரிக்க ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது.

"தரைய கழுவுவாங்க" என்றேன்.

"யாரு?"

"மீன்காரம்மாங்க. நாத்தம் போறதுக்கு."

"கடல் தண்ணியிலயா?"

தலையாட்டினேன். அவர் எழுந்து போய், வண்டிக்குள் குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த மூடியைச் சுற்றி விரலை ஓட்டினார். ஓரத்து ரப்பர் கிழிந்து பல நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு நாளும் தரையில் ஊற்றிய தண்ணீர், பிள்ளைகளை ஏற்றப் போகிற வழியில் சிட்லபாக்கம் ஏரிப் பக்கத்து வேகத்தடைகளில் நான் பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் ஓடி வந்து, அந்தக் கிழிசல் வழியாக இறங்கியிருக்கிறது. ஒரு விமானம் போயிற்று. அது போன பிறகும் அவர் பேசவில்லை. எனக்குத் தெரிந்து அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

*

மறுநாள் காலையில் அக்கா போன் செய்தார். பின்னணியில் ஏலக் கூச்சலும் அலைச் சத்தமும் கேட்டன.

"இன்னா தம்பி, வந்துகினு கீறியா?"

"இல்லக்கா. இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"எப்பதான் பாத்து முடிப்பானாம்? இந்த லோடு ஆட்டோக்காரன் பேஜாரு பண்றான். தெனமும் வர்றதுன்னா இப்பவே சொல்லு, இல்லன்னா நான் வேற குப்பத்துக்கு ஒத்துக்குவேன்றான். உன் வண்டி வரும்னா நாங்க இவன வாணாம்னுடுவோம். நீ ஒரு வார்த்தை சொல்லு."

"கேட்டுச் சொல்றேன்கா."

எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோர்கள் காத்திருக்கவில்லை. இரண்டாம் நாளே வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இந்த நான்கு பெண்கள் மட்டும்தான் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான், ஐம்பதை நெருங்குகிறேன். விசேஷ வீடுகளிலும் சர்ச்சிலும் பின் வரிசையில் உட்கார்ந்து பழகியவன். அந்த வேனில்தான் ஒருவர் விடாமல் என்னைச் சீண்டுவார்கள், கேலி செய்வார்கள், பதில் வராது என்று தெரிந்தும் கேள்வி கேட்பார்கள். அது இல்லாமல் என் காலை நேரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் ஒரு பழைய பெல்ட்டை மாட்டி, குறிகளை நேர்படுத்தி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்திருந்தார். எங்கும் முட்டவில்லை என்றார். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தம் பார்க்கிற மீட்டரைப் பொருத்தினார். என்னிடம் சாவியைக் கொடுத்தார். "இப்ப போடலாம்ணா. நான் சொன்னதும் விடுங்க."

மூன்று சிலிண்டர்கள். முதலாவதில் முள் நன்றாக ஏறியது. என் நெஞ்சும் அதோடு ஏறியது. நடு சிலிண்டரில் முள் அசையவே இல்லை. மூன்றாவதில் பாதி தூரம் தயங்கித் தயங்கிப் போயிற்று.

"நடுவுல கொஞ்சம் ஆயில் விட்டுப் பாக்கலாம்" என்றார். ஒரு ஸ்பூன் அளவு எண்ணெயை ஓட்டைக்குள் விட்டு, மறுபடியும் சாவியைத் திருப்பச் சொன்னார். முள் அப்போதும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பிஸ்டன சுத்தி இருக்குற ரிங்ஸ் போயிருந்தா ஆயில் விட்டதும் முள்ளு ஏறும். ஏறல. அப்போ கீழ பிரச்சினை இல்ல. வால்வு வளைஞ்சிருக்கு. எஞ்சினுக்கு மேல இருக்குற ஹெட்டு வேலைதான். கழட்டி, வால்வு மாத்தி மாட்டினா ஓடும்ணா."

"ஓடுமா?"

"ஓடும்."

ஷெட்டுக்கு வெளியே வந்து, ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்று, அவர்கள் வியாபாரம் முடித்துத் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, அக்காவுக்கு நானே போன் செய்தேன். நானாக அவருக்குப் போன் செய்தது அதுவரை கிடையாது. அவர் பதறிப்போனார். "இன்னாச்சு? யாருக்கு இன்னா?" என்றார்.

"வண்டி சரியாயிடும்கா. ஓடும்னு சொல்லிட்டாங்க."

"ஆத்தாடி, உனக்கு வாய் கீதா!" என்று கத்தினார். பிறகு போனை வாயிலிருந்து விலக்கி, "ஏய், தம்பி வண்டி வருதாம்டி! அந்த ஆள வாணாம்னு சொல்லிடலாம்" என்று யாரிடமோ சொன்னார். இரண்டு மூன்று பேர் கூச்சலிட்டது கேட்டது. அன்று மாலை நான் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நடந்து வந்தபோது, நடை என்னை அறியாமலேயே வேகமாக இருந்தது. வீட்டில் என் மனைவி முகத்தைப் பார்த்ததுமே, "வேலை முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டாள். முடிந்த மாதிரிதான் என்றேன்.

*

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் எதற்கும் ஒரு தடவை காற்று அடித்துப் பார்த்துவிடலாம் என்றார் மெக்கானிக். டயருக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸரின் குழாயைப் பிளக் ஓட்டையில் பொருத்தி உள்ளே காற்றை விடுவார். எந்த வழியாகக் காற்று வெளியே வருகிறதோ அங்கேதான் சேதம். என்னைப் பின்னால் போய் சைலன்ஸர் வாயில் கையை வைக்கச் சொன்னார்.

முதலில் மூன்றாவது சிலிண்டர். உள்ளங்கையில் மெல்லிய காற்று பட்டது. "வருது" என்றேன். "வால்வு" என்றார் அவர். நாங்கள் எதிர்பார்த்ததுதான்.

பிறகு நடு சிலிண்டர். உள்ளங்கையில் மறுபடியும் காற்று பட்டது. "வருது தம்பி" என்றேன். எழுந்து முன்னால் வந்தேன். அவர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தக் குழாயின் வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். ஆயில் வாடையோடு, சூடில்லாத காற்று தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"இங்க வரக்கூடாது" என்றார். "இங்க வந்தா பிஸ்டன்லயே ஓட்டைன்னு அர்த்தம். ஊத்துன ஆயிலும் அது வழியா கீழ போயிருக்கு. அதான் முள்ளு ஏறல. நான் வால்வுன்னு நெனச்சுட்டேன்."

கம்ப்ரஸரை நிறுத்திய பிறகும் என் கையை எடுக்கத் தோன்றவில்லை.

ஹெட்டைக் கழற்றினார்கள். நடுவிலும் மூன்றாவதிலும் வால்வுகள் சாய்ந்து நின்றன. நடு பிஸ்டனின் தலையில் வால்வு குத்திய இடத்தில் ஒரு துண்டு பெயர்ந்து, அந்தத் துண்டு சிக்கிக்கொண்டு சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கீறியிருந்தது. நகத்தை வைத்தால் நகம் மாட்டியது. நான் வண்டியை ஓரம் கட்டிய அந்தச் சில நொடிகளில், டயர் உருண்ட வேகத்தில், உள்ளே இத்தனையும் நடந்திருக்கிறது. வெளியே கேட்டது அந்த ஒரு 'டக்' மட்டும்தான்.

"வேற எஞ்சின் போட்டா?" என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் யோசிச்சேன்" என்றார். பிறகு, சொல்ல விரும்பாதவர் போல, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். என்னையும் படுக்கச் சொன்னார். எஞ்சினைத் தாங்குகிற சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினார். பலமாகக்கூடக் குத்தவில்லை. முனை உள்ளே போய்விட்டது. துரு, காய்ந்த வறட்டி உதிர்வது போல என் சட்டைமேல் உதிர்ந்தது. இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் அப்படித்தான். மேலே இருந்த தரை விரிப்பை எடுத்தபோது, அதன் கீழே தகடே இல்லாத இடத்தில் ஷெட்டின் மண் தரை தெரிந்தது. இத்தனை நாளும் பெண்கள் அந்த விரிப்பின் மேல்தான் கால் வைத்திருந்தார்கள்.

"புது எஞ்சின் கெடைச்சாலும் உக்கார எடம் இல்லண்ணா. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எஃப்.சி. சோதனைக்குக் கொண்டுபோனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். ஓடிக்கிட்டு இருக்கும்போதே எஞ்சின் கீழ விழாம போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

சந்தோஷப்படச் சொன்னவரின் முகத்தில் சந்தோஷம் இல்லை. இந்த வண்டி எனக்கு என்னவென்று அவருக்குத் தெரியும். நான் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். கடவுளே என்று மனதுக்குள் ஆரம்பித்தேன், அதற்கு மேல் கேட்க எதுவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் போன் வந்தபோதெல்லாம், அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். "எடுத்துப் பேசுங்க. இப்படி எடுக்காம இருந்தா அவங்க என்ன நெனப்பாங்க?" என்று மனைவி சொன்னாள். அவள் எடுத்துப் பேசட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

*

அவர்களே ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். வியாபாரம் முடித்து, பல்லாவரம் வந்து, பஸ் பிடித்து, வழி கேட்டு வந்திருந்தார்கள். அக்காவும், எப்போதும் என்னைக் கேலி செய்கிற சிட்லபாக்கத்தில் இறங்குகிற பெண்ணும். காலிக் கூடைகள் இடுப்பில் இருந்தன. நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"போன எடுக்க மாட்டியா நீ?" என்றார் அக்கா. "சரியாயிடும்னு நீதானே சொன்ன? உன் பேச்ச நம்பி அந்த ஆள வாணாம்னு அனுப்பிட்டேன். மூணு நாளா பஸ்ஸுல கூடைய ஏத்த வுடாம எறக்கி வுடறானுங்க. மீனு நாறுது, நாங்க நாறுறோம். இன்னா நெனச்சிகினு கீற?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார். "அண்ணன் மேல கோச்சுக்காதீங்கம்மா. முதல்ல சரியாகும்னு சொன்னது நான்தான். எஞ்சின் போச்சு. உள்ள உப்புத் தண்ணி எறங்கியிருக்கு. நீங்க தெனமும் கழுவுனதுதான்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா கதை வுடற? உப்புத் தண்ணி இரும்ப தின்னும்னு எனக்கு நீ சொல்லித் தர்றியா? எம் மவன் படகு எஞ்சின கரையேத்தினா, நல்ல தண்ணி ஊத்திக் கழுவாம சோத்துல கை வெக்க மாட்டான். எஞ்சின் மேல உப்புத் தண்ணி ஊத்துறதுக்கு நாங்க இன்னா கேனையா? வண்டி எஞ்சினு மூஞ்சியில கீது. நாங்க கழுவினது உள்ள, விரிப்பு மேல."

மெக்கானிக் முன்பக்கக் கதவைத் திறந்து, சீட்டு இருந்த இடத்தைக் காட்டினார். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். திறந்து கிடந்த எஞ்சினில் மூன்று குழிகள் இருந்தன. நடுக் குழியில் அந்தக் கீறல் வெளிச்சத்தில் தெரிந்தது.

"இங்கயா?" என்றார். "நான் குந்திகினு வருவேனே, அதுக்கு அடியிலயா?"

"ஆமாம்மா."

"அதான் அம்மாம் சூடா? நான் வெயிலுன்னு இல்ல நெனச்சேன்."

சிட்லபாக்கம் பெண் குபீரென்று சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அக்கா சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் தம்பி. இத்தினி நாளா பக்கத்துல தானே குந்திகினு வந்த. அடியில எஞ்சினு கீதுக்கா, தண்ணிய பாத்து ஊத்துன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

தண்ணீர் உள்ளே இறங்குவது எனக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்று அந்த இடத்தில் எனக்கே நிச்சயமில்லை. எனக்காகக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் போய், நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது. எஞ்சின் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும் என்பதே என் புத்தியில் எட்டவில்லை. நான் தினமும் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன், அவரும் உட்கார்ந்திருந்தார். தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

"நம்மாலதான் போச்சாடி?" என்று அக்கா அந்தப் பெண்ணைக் கேட்டார். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வெளியே போகும்போது மெக்கானிக்கிடம் மட்டும், "வர்றேன்பா" என்றார்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் கழித்து, பழைய இரும்பு எடுக்கிறவரை நாளைக்கு வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். சரி என்று தலையாட்டினேன்.

*

மறுநாள் விடிந்ததும் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. போன் அடித்தது. அடித்து ஓய்வதற்கு முன்னால் எடுத்தேன்.

"அந்த லோடு ஆட்டோக்காரன கையில கால்ல வுழுந்து கூப்ட்டு கீறேன்" என்றார் அக்கா. "இன்னியிலேர்ந்து வர்றான்."

"சரிக்கா."

"நீ இன்னா பண்ணப் போற?"

"தெரியலக்கா."

அதற்குப் பிறகு அவர் போனை வைக்கவில்லை. அலைச் சத்தம் கேட்டது. யாரோ ஐஸ் உடைத்தார்கள். எதையாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். நீங்கள் கழுவியதால்தான் என் வண்டியில் பிள்ளைகள் ஏறினார்கள் என்றும் சொல்ல நினைத்தேன். அவர் மூச்சு விடுவது கேட்டது.

"இன்னிக்கு என்ன மீனுக்கா?" என்றுதான் கேட்டேன்.

"இன்னும் படகே வரல தம்பி" என்றார். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டார்.